துரை மோட்டாரின் மேல்பாதி

உதட்டோரம் நாலு ஆணி. அதோடேயே பேசுகிறார் சன்னாசி. ரப்பர் ஷீட் அடைக்கும் பெட்டிகளுக்குப் பலகை அறுத்து ஆணி அடிப்பது அவர் வேலை. எங்கள் தோட்டம் மலாயாவில், பத்து காஜா டவுனிலிருந்து ஆறு மைல். நான் இங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவர் சொல்வதில் பாதியை ஊகித்தே நாலு வருஷம் ஓட்டிவிட்டேன்.

மூன்று வாரமாக, வேலை முடிந்ததும் உடைந்த பெட்டிப் பலகையில் ஒரு பொம்மை மோட்டார் செய்கிறார். ஐந்து வயது மகள் ராக்காயி கேட்ட துரை மோட்டார், அதாவது தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரின் கார். சக்கரத்துக்குப் பன்னிரண்டு மூங்கில் கம்பி. மேலே சேறடிக்காத வளைவு, கால் வைத்து ஏறும் பலகை, அதில் வழுக்காமலிருக்க வரிவரியாகக் கீறல். கழித்துப்போட்ட ஷீட்டுத் துண்டில் டயர்கூட உண்டு. “ஊதினாலே ஓடும்” என்கிறார் பெருமையாக.

ஓடியது. ஆனால் கதவுக்கு மேலே மொட்டைப் பலகை.

ராக்காயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மேல எங்கப்பா?”

“மேல என்னம்மா?”

“மடக்குற கூடு, கண்ணாடி, தொர புடிக்கிற வட்டம்... நீ பாத்ததே இல்லியா?”

பார்த்ததில்லை. துரை மோட்டார் வந்தால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கலாம்; பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாலையோரம் ஒதுங்கித் தலைகுனிந்து நிற்க வேண்டும். நிமிர்ந்தவன் பெயரை மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிட மாட்டார்கள். அன்றைய வேலை போச்சு. எட்டு வருஷமாகக் குனிந்த கண்ணுக்கு எட்டியதை மட்டும் சன்னாசி அச்சு அசலாகச் செய்திருந்தார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த மோட்டாரில் நானும் சக்கரத்துக்கு மேலே கண்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

“டவுனில் எத்தனை மோட்டார் நிற்கிறது, பார்த்துச் செய்யலாமே” என்றேன்.

ஆணிகளைக் கையில் துப்பினார். “அதெல்லாம் வேற வண்டிங்க, வாத்தியாரய்யா. புள்ள கேட்டது இத. அப்பனுக்கு ஒண்ணும் தெரியலன்னு லயத்து வீடு பூரா சொல்லிட்டுத் திரியுது.”

நேற்றுச் சாயங்காலம் வேலை விட்டுத் திரும்பும்போது வளைவில் ஹாரன் கேட்டது. எல்லோரும் ஒதுங்கினோம், குனிந்தோம். பக்கத்தில் கங்காணி ஐயாவு பல்லைக் கடித்தார்: “டேய் சன்னாசி, தலயக் குனிடா!”

ஓரக்கண்ணால் பார்த்தேன். சன்னாசி நிமிர்ந்து நின்றார். கையை மோட்டாருக்கு நேரே நீட்டி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் கூட்டை அளந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து துரை திரும்பிப் பார்த்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“நாளைக்குப் பெரட்டுல ஒம் பேரு கெடையாதுடா!”

“சரிங்க கங்காணியாரே. செத்த இருங்க, பின்பக்கம் இன்னும் பாக்கல.”

புழுதி அடங்குவதற்குள், விரித்த விரல்களை மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.