லேடீஸ் பொட்டில பாத்த கழுத்து

என் தையக் கடைக்கு வர்ற பொண்ணுங்கோ, "அண்ணா, எந்த காலேஜ்ல டிசைன் படிச்சே?"ன்னு கேக்கும்போது எனக்கு சிரிப்பு பொத்துகினு வரும். எட்டாங்கிளாஸ்ல என்னைய ஃபெயில் பண்ண வாத்தியாருக்கு சிவப்புப் பேனாவே தேவப்படல, வெள்ளத்தாளா குடுத்துட்டு வந்தவன் நான். டிசைன் படிச்சதெல்லாம் அண்ணனூர் டு பீச், ரயில்ல லேடீஸ் பொட்டிலதான். அப்போ வயசு எட்டோ ஒம்போதோ. அதனால உள்ள உட்டாங்க. இப்போ ஏறுனா உள்ள வெச்சிருவாங்க.

எங்க சித்தி, அம்மாவோட தங்கச்சி, அப்போ புருசன் ஊட்ல சண்டைன்னு வந்து எங்கூட்ல தங்கியிருந்துச்சு. ஒரு பழைய தையல் மிஷினு, அதுக்கு முன்னாடி சித்தி. காலைல குந்துனா பொழுதுக்கும் அந்த மூலைதான். வெளில தல காட்டுனா எங்க நைனாக்கு புடிக்காது. நல்ல மனுசந்தான், ஆனா தெரு வாயிக்கு பயம். "உன் தங்கச்சி ரோட்ல போனா நாலு பேரு என்னையதான் கேக்கறான்"ன்னு அம்மாகிட்ட சொல்வாரு. சித்திகிட்ட நேரா பேசவே மாட்டாரு.

ஒரு நாளு ஆவடி குவாட்டர்ஸ்லேந்து ஒரு அம்மா பட்டுத் துணி எடுத்துகினு வந்துச்சு. தம்பி கல்யாணமாம். பிளவுசு முதுகுல யாருமே போடாத கழுத்து ஒண்ணு வெச்சி தைக்கணுமாம். நல்லா வந்தா குவாட்டர்ஸே உங்கிட்ட வரும்னு ஆசை காட்டிட்டு போச்சு. சித்திக்கு தெரிஞ்சது ரெண்டே கழுத்து, ரவுண்டு, சதுரம். போனத் தடவுனா படம் வர்ற காலமில்ல அது. எங்கம்மாதான் வழி சொல்லுச்சு: காலைல ரயில்ல வேலைக்குப் போற பொம்பளைங்க முதுகெல்லாம் பாத்துகினு வா, புள்ளைய தொணைக்கு இட்டுகினு போ.

நைனா சாப்ட்டுகினே யோசிச்சாரு. தொழில் விசயம், கூட ஆம்பள தொண வேற கீது, சரின்னுட்டாரு. ஆம்பள தொண நாந்தான். டவுசரு கொக்கி போயி, அரணாக்கவுறு புண்ணியத்துல நின்னுகினு இருந்துச்சு.

யாரும் போடாத கழுத்துக்கு, ஊரே போட்டுகினு கீற கழுத்த பாக்கப் போறோமேன்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல.

மறுநாளு காலைல லேடீஸ் பொட்டில ஏறுனதும் சித்தி என்னைய பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சுச்சு. எதுத்தாப்ல ஒரே முதுகா கீது. பாக்கற கழுத்தெல்லாம் வெரலால தொடைல வரைஞ்சி வரைஞ்சி மண்டைல ஏத்திக்கணும், அதான் என் வேல. அம்பத்தூர்ல ஒரு அக்கா ஏறுச்சு. பானைக் கழுத்து, அதுக்குக் கீழ எல மாதிரி ஒரு ஓட்டை, நாடால குஞ்சம். ஆனா பாதிய ஜடை மறைச்சிகினு கீது. நான் இன்னா பண்ணேன், ஸ்க்ரீன ஒதுக்கற மாதிரி ஜடைய புடிச்சி ஓரமா தூக்குனேன்.

"டேய், இன்னாடா பண்றே?"

நான் முழிச்சேன். சித்தி சட்டுனு ஒரு பொய்ய தெச்சி குடுத்துச்சு. "பூச்சி ஒண்ணு ஏறுச்சுக்கா, அதான் பாத்தான்."

அந்த அக்கா பதறிப்போயி ரெண்டு கையாலயும் ஜடைய தூக்கிகினு முதுக காட்டுச்சு. "போச்சா தம்பி? நல்லா பாத்து சொல்லு."

நல்லாதான் பாத்தேன். பட்டரவாக்கம் வர்ற வரைக்கும் பாத்தேன்.

"சித்தி, கெடச்சிடுச்சு, எறங்கலாம்"ன்னேன். "இர்றா, கொரட்டூர் வரட்டும்"ன்னுச்சு. கொரட்டூர் வந்துச்சு, வில்லிவாக்கம் வரட்டும்னுச்சு. பெரம்பூர் தாண்டுனப்போ கதவாண்ட போயி கம்பிய புடிச்சிகினு, காத்துல முடி பறக்க, கண்ண மூடிகிச்சு. கண்ண மூடிகினா கழுத்த எப்டி பாக்கறது? சித்திக்கு தொழில்ல கவனம் பத்தலன்னு எனக்கு செம கடுப்பு. பீச்ல எறங்கி எனக்கு ஒரு பன்னு வாங்கி குடுத்துட்டு, பிளாட்பாரத்து பெஞ்சுல குந்தி, போற வண்டி வர்ற வண்டியெல்லாம் பாத்துகினே இருந்துச்சு. ஊடு வந்து சேரும்போது பொழுது சாஞ்சிடுச்சு.

நைனா வாசப்படில நின்னுகினு இருந்தாரு. "காலைல போனது, இப்போதான் வருதா?"ன்னு உள்ள கீற அம்மாவ கேட்டாரு. சித்தி வாயத் தொறக்கல. நான் தொறந்தேன்.

"கழுத்து அம்பத்தூர்லயே கெடச்சிச்சு நைனா. நான் அப்பவே எறங்கலாம்னேன்."

சித்தி மூஞ்சி செத்துப்போயி, மிஷினாண்ட போயி குந்திகிச்சு. இனிமே அந்த மூலைய உட்டு எழுந்திருக்கவே மாட்டேன்ற மாதிரி.

அம்மா கொழம்ப கலக்கிகினே சொல்லுச்சு. "கழுத்து கெடச்சா ஆச்சா? கைக்கு டிசைனு வேணாவா? நாளைக்கு கைக்கு போயிட்டு வரட்டும்."

நைனா அம்மாவ பாத்தாரு. மிஷினாண்ட குனிஞ்சிகினு கீற சித்திய பாத்தாரு. "கைக்கு அப்பறம்?"

"பார்டர் கீது. நாடா கீது. குஞ்சம் கீது."

நைனா செவுத்த பாத்துகினு சொன்னாரு. "தினிக்கும் டிக்கெட் எடுத்துகினு லைன்ல நிப்பாங்களா? மாச சீசன் எடுத்துக்க சொல்லு."

சித்தி மிஷின வேகமா மிதிக்க ஆரம்பிச்சுச்சு. ஊசில நூலே இல்ல.

நான் பாய்ல படுத்துகினு கணக்கு போட்டேன். கைக்கு ஒரு நாளு, பார்டருக்கு ஒரு நாளு, குஞ்சத்துக்கு வேணா இன்னொரு நாளு. இதுக்குப் போயி ஒரு மாசத்துக்கு சீசனா? பெரியவங்க மூணு பேரு கீறாங்கோ, ஒரு பிளவுசுக்கு எவ்ளோ ரயிலு ஓணும்னு ஒருத்தருக்கும் தெரில. இந்த ஊட்ல தொழில் புரிஞ்சவன் நான் ஒருத்தந்தான்னு நெனச்சிகினே தூங்கிட்டேன்.