எஸ்கேப் விசைக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் மலேசிய ரப்பர்த் தோட்டத்தில் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு கம்பெனியுடையது, சுவர் கம்பெனியுடையது, ஆணி மட்டும் நம்முடையது. கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்ற ஆசைப்பட்டால், அப்பா வேலையை மேய்க்கும் மண்டோரிடம் சொல்வார், மண்டோர் ஆபீஸ் கிராணியிடம் சொல்வார், கிராணி “எழுதிக் குடு” என்பார். ரப்பர்ப் பால் வெட்டும் அப்பாவுக்கு எழுத வராது. பணிவோடு வேண்டிக்கொள்ளும் கடிதங்களை நான்காம் வகுப்பிலிருந்தே எழுதிக் கை பழகியவள் நான்.

பத்தொன்பது வயதில் தோட்டத்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ரப்பரைத் தகடாக நசுக்கும் உருளை என் இடது கையின் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. பிறகு சிரம்பானில் டைப்பிங் வகுப்பில் சேரப் போனபோது, சொல்லிக்கொடுக்கும் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, “பத்து வெரலுக்குத்தான்மா பாடம்” என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இரக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

விரல்களுக்காக வந்த பணத்தில், லோரி ஓட்டும் என் அண்ணன் பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ‘ரெண்டு வெரலுக்கு ஒரு கம்ப்யூட்டர்’ என்று நானே கேலி செய்வேன். வீட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினேன். ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு நிரல் எழுதவும் கற்றேன்.

பால் வெட்டு முடிந்து லயமே உறங்கும் பிற்பகல்கள். வெளியே ரப்பர்க் காய்கள் வெயிலில் வெடித்து, கொட்டைகள் தகரக் கூரையில் விழுந்து உருளும். திரையில் வெள்ளை எழுத்துகள் ஒன்றன் பின் ஒன்றாக மேலேறிப் போய்க்கொண்டிருக்கும். அவற்றைப் பார்த்தபடியே கண் சொருகிவிடும். அந்த அரைத் தூக்கத்தில் எனக்குப் பத்து விரல்களும் இருக்கும். இல்லாத சுண்டு விரல் ஏதோ ஒரு விசையை மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கும், திரை முழுக்க ஏதேதோ நிறையும். விழித்துப் பார்த்தால் ஒரு வரிகூட இருக்காது. ஆனாலும் அந்தத் தூக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

நிரலைத் தட்டி எழுத எடிட்டர் என்ற மென்பொருள் வேண்டும். குறுந்தட்டில் இரண்டு இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பத்திரிகையில் எல்லாரும் பெரியதைத்தான் புகழ்ந்திருந்தார்கள். அதில் எதைச் செய்வதென்றாலும் கீழ் இடது மூலையிலுள்ள கன்ட்ரோல் விசையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்ட வேண்டும். பிடித்துக்கொள்வது இடது சுண்டு விரலின் வேலை. அந்த வேலைக்கு என்னிடம் ஆள் இல்லை. வலப்பக்கத்து கன்ட்ரோலோ எங்கள் பழைய விசைப்பலகையில் செத்துக் கிடந்தது. இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன், மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். சிறியதைத் திறந்தேன். ஒரு விசையைத் தட்டலாம், கையை எடுக்கலாம், யோசிக்கலாம், அது காத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு தொல்லை. சில வரிகள் எழுதியதும் எழுதும் நிலையிலிருந்து வெளியே வந்து கட்டளை கொடுக்க, ஒவ்வொரு முறையும் மேல் இடது மூலையிலுள்ள எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். அதற்கு முழங்கையோடு கையைத் தூக்க வேண்டியிருந்தது, நினைத்தது அறுந்துபோனது.

அந்த வேலையை வலது ஆள்காட்டி விரலுக்குக் கீழேயுள்ள எழுத்துக்கு மாற்ற ஒரு வரி எழுதினால் போதும். ‘விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்’ என்று கூடவே வந்த குறிப்பில் எழுதியும் இருந்தது. அது பெரிய மனிதர்களுக்குச் சொன்னதாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்: அந்த எடிட்டரை எழுதியவரின் வெளிநாட்டு முகவரிக்கு, எஸ்கேப் விசையை மாற்றிக்கொள்ளத் தயவுசெய்து அனுமதி தரும்படி ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி லுக்குட் தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

காத்திருந்த நாட்களில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மந்தினில் ஒரு கடைவீட்டு மாடியிலிருந்த சிறிய கம்பெனிக்கு லினக்ஸில் நிரல் எழுத ஆள் வேண்டும், ஒரு மணி நேரத் தேர்வு உண்டு. எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் கையைத் தூக்கித் தூக்கி எழுதினால் பாதிகூட முடியாது. இதுவும் போனால் எனக்கு வேறு வேலை இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“கடுதாசி வரட்டும்மா. கேக்காம கைய வச்சிடாத,” என்றார் அப்பா.

“திங்கக்கெழம டெஸ்ட்டுப்பா.”

“அடுத்தவன் பொருளு, தாயி.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்வரை பொறுத்தேன். பிறகு அந்த வரியை எழுதினேன். பயமும் சந்தோஷமும் ஒன்றாகவே வந்தன. இனி அந்த எழுத்தை இரண்டு முறை தட்டினால் எஸ்கேப். அன்று மாலைவரை எழுதிக்கொண்டே இருந்தேன், நினைப்பு ஒருமுறைகூட அறவில்லை. அந்த வெளிநாட்டுக்காரரின் பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது: கேட்கத் தேவையே இல்லை, அது உங்களுடையது. அப்பா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

திங்கட்கிழமைத் தேர்வுக்கு அந்த வரியை டிஸ்கெட்டில் எடுத்துப் போனேன். கம்பெனிக் கணினியில் அதை ஏற்றிவிட்டு எழுதத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்தேன். முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“நீங்க எஸ்கேப்ப தொடவே இல்லையே. எங்க மெஷின்ல என்னத்த போட்டீங்க?”

“ஒரே ஒரு வரி, சார். வெளிய வர்றத இந்த எழுத்துக்கு மாத்திக்கிட்டேன்.”

“யாரக் கேட்டு மாத்துனீங்க?”

‘மன்னிச்சிருங்க சார்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அது தானாக வரும்.

“யாரையும் கேக்கல, சார்,” என்றேன்.

அவர் குனிந்து அந்த எழுத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

“இது நல்லா இருக்கே லா. வேலைக்கு வர்ற அன்னிக்கு மொத வேலையா என் மெஷின்லயும் போட்டுக் குடுங்க,” என்றார்.

“இப்பவே போடுறேன், சார்,” என்று எழுந்தேன்.