மலைக்குப் பின்னால் ஓடிய பாதை

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்தோரு வயது நடந்த வருஷம், தினமும் விடியற்காலையில் ஓடினேன். போலீஸ் தேர்வுக்காக. அதற்கு முந்தின வருஷம் உயரத்திலும் மார்பளவிலும் தேறி, ஓட்டத்தில் தோற்றுத் திரும்பியிருந்தேன். பள்ளி இறுதி வகுப்பு முடித்துவிட்டு, திருத்தணி ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. அக்கா வீட்டுக்காரர், எங்கள் வீட்டு வழக்கப்படி பாவா, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "வேல கெடச்சதும் குடு" என்றார்.

முதலில் ஓடியது நந்தி ஆற்றில்தான். மழைக்காலத்தில் சில நாள் தவிர அதில் மணல்தான் ஓடும். ரயில்வே கேட்டைத் தாண்டி இறங்கி, மணலிலேயே இரண்டு மைல் மேலே போய்த் திரும்புவேன். கால் புதையும். கெண்டைச்சதை எரியும். மணலில் ஓடிப் பழகினால் தரையில் பறக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஆற்றிலும் ரோட்டிலும் வண்டிகள், காவடிகள், அடுப்புகள். ஓட இடமில்லை. அதனால் மலையைச் சுற்றிப் பின்பக்கம் போக ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கோயில் தெரியாது. வெறும் பாறை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு மாட்டுத்தடம் ஏறும், இருபுறமும் சீத்தாச்செடி. ஏறி முடித்தால் கீழே பள்ளத்தாக்கு, வேர்க்கடலைக் கொல்லை, ஒரு பம்புசெட் கிணறு, அதற்கப்பால் ஏரிக்கரை. ஏரிக்கரையைத் தொட்டுவிட்டு அதே வழியில் திரும்புவேன். திருவிழா முடிந்த பிறகும் ஆற்றுக்குப் போகவில்லை. அந்தப் பாதை பிடித்துப்போயிருந்தது.

கிணற்றடியில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அந்தக் கொல்லைக்காரர் வீட்டு மருமகள். ஆந்திரப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. முதல் பத்து நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஏண்ணா, தினம் இப்டி ஓடிகினு கீறியே, யாரு தொரத்தறாங்க?"

"போலீஸ்ல சேர்றதுக்கும்மா."

"ஓடறவங்களப் புடிக்கறதுதானே போலீசு வேல? அவங்களே ஓடணுமா?" என்று சிரித்தாள். தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தாள். கை நீட்டியபோது முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "போலீசானா மொதல்ல எங்க ஊட்டாண்ட வந்து ஒரு தபா நின்னுட்டுப் போண்ணா. சும்மா நின்னாப் போதும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று ஏற்றம் முடிந்து இறங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். என்றைக்கும் இல்லாத நல்ல நேரம். அதை விடக்கூடாது என்ற வெறி. கிணற்றடியில் அவள் பாத்திரம் எதுவும் இல்லாமல் நின்றிருந்தாள். தலை வாரவில்லை.

"அண்ணா, நில்லேன். ஒரு சேதி சொல்லணும்."

கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். "வரும்போது கேக்கறேம்மா!"

அவள் என்னவோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை.

ஏரிக்கரை போய்த் திரும்ப அரை மணி ஆகியிருக்கும். திரும்பும்போது அவள் இல்லை. பம்புசெட் கொட்டகை ஓரம் அவள் புருஷன் நின்றிருந்தான். இடுப்பு வரை நனைந்திருந்தான். அவன் அம்மா கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இன்னா தம்பி, இன்னிக்கு வேகமா கீறே?" என்றான் அவன்.

"ஆங்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மேட்டில் ஏறும்போது முதுகு கூசியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் டயர் மாற்ற வந்த அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கடையில் சேதி சொன்னார். கொல்லைக்காரர் வீட்டு மருமகள் கிணற்றில் கால் வழுக்கி விழுந்து செத்துப்போனாள். எட்டு மணிக்கு மேல்தான் மாமியார் பார்த்தாளாம். புருஷன் ஊரிலேயே இல்லையாம். முதல் பஸ்ஸுக்கே பொதட்டூர்பேட்டைக்குத் துணி எடுக்கப் போய்விட்டானாம். போலீஸிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்களாம்.

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். நான் அவனைப் பார்த்தபோது மணி ஆறே முக்கால். கடிகாரம் பார்த்து ஓடியவன் நான். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் அழைப்போம். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர்.

"நீ பாத்தது இன்னா? அவன் நின்னான். நிக்கறது ஒரு குத்தமா?" என்றார். "சாட்சின்னு ஒரு தபா பேரு ஏறிட்டா கோர்ட்டு கோர்ட்டா இழுப்பாங்க. எதுக்குடா அவளாண்ட பேசினேன்னு உன்னையே திருப்பிக் கேப்பாங்க. செலக்சன் வருது. வாய மூடிகினு இரு."

எனக்கு வேண்டியிருந்த பதிலைத்தான் அவர் சொன்னார். அவர்மேல் பழி போட்டுவிட்டு இத்தனை வருஷம் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் அன்று அவரிடம் போனதே அதைக் கேட்கத்தான்.

நான்காம் நாள் அவள் அண்ணன் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மொட்டை அடித்திருந்தார். தினமும் அந்த வழியே ஒருவன் ஓடுவான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நைனா வாசலிலேயே நின்று, "எங்க பையன் அன்னிக்கு அந்தப் பக்கமே போவலீங்க, ஜொரம்" என்றார். நான் உள்ளே கதவோரம் நின்றிருந்தேன். அவர் நைனாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"எந்தங்கச்சி ஆறு வயசுலேந்து கெணத்துல நீஞ்சறவ, தம்பி. எங்க ஊருக் கெணத்துல தலகீழாக் குதிப்பா. வழுக்கி வுழுந்தாளாம். ஏறி வரத் தெரியலியாம். நீ எதனா பாத்தியா?"

"இல்லீங்க. பாக்கல."

அவர் தலையை ஆட்டினார். அம்மா கொண்டுவந்த தண்ணீரை வாங்கி முழுவதும் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "வரேங்க" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

அதன் பிறகு தேர்வு வரைக்கும் ஸ்டேஷனுக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஓடினேன். தேர்வில் என் கூட்டத்தில் முதலாவதாக வந்தேன். பாவா கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வச்சிக்கோ" என்றார். நைனா கோயிலுக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தார். கிணற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவள் புருஷன் அடுத்த தை மாதமே வேறு பெண் கட்டினான் என்று பயிற்சியில் இருந்தபோது கேள்விப்பட்டேன்.

வேலையில் சேர்ந்த பிறகு எத்தனையோ கிணறுகளுக்குப் போனேன். கயிறு கட்டித் தூக்குவார்கள். ஏட்டு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'நீர் எடுக்கச் சென்றவர் கால் தவறி' என்று எழுதும்போது சுற்றி நிற்பவர்களில் யாராவது என் பக்கம் பார்த்து, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு விடுமுறையில் அவள் பிறந்த ஊருக்குப் போனேன். எல்லை தாண்டி இரண்டு பஸ் மாற வேண்டும். அண்ணனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கொல்லையில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். வேலியோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூப்பிட்டது, நான் நிற்காதது, அவன் நனைந்து நின்றது, மணி ஆறே முக்கால்.

அவர் கையிலிருந்த முள்ளைக் கீழே போட்டார்.

"அன்னிக்கே தெரியும். கதவாண்ட உன் மூஞ்சப் பாத்ததுமே தெரியும்" என்றார். "பேரு குடுத்து ஒரு ஆளு சொன்னாப் போதும்னு அப்ப வக்கீல் சொன்னாரு. இப்பவும் சொல்றாரு."

வீட்டுக்கு அழைத்துப் போனார். பாயில் உட்காரவைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"இப்ப சொன்னத எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு."

பேனாவைத் திறந்தேன். ஊர், தேதி எழுதினேன். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். ஏட்டுப் பதவிக்கான பட்டியலில் பெயர் இருந்தது. சாட்சியத்தை மறைத்தவன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பது என்னவாகும் என்று எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். வரதட்சணைச் சாவு, மருமகள் கொடுமை என்று பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. அடுப்படியில் யாரோ பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

பேனாவை மூடிவிட்டேன்.

"என்னால முடியலீங்க" என்றேன்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் நோட்டை எடுத்து, நான் எழுதிய பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊரும் தேதியும் மட்டும் இருந்த காகிதம்.

உள்ளிருந்து டீ வந்தது. குடித்தேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்தவனைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அவர் ரோடு வரை என்னோடு நடந்து வந்தார். புளியமரத்தடியில் இரண்டு பேரும் நின்றோம். பஸ் வந்ததும் கை காட்டினார். நான் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது, அவர் ஏற்கெனவே கொல்லைப் பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.