ஜெபமாலைக் கணக்கில் வெந்த கோஸ்

என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் சில காய்களைச் சிபாரிசு செய்தார். அவற்றில் ஒன்றை என் மகள் செல்போனில் தேடிப் பிடித்துத் தருவித்தாள். பிளாஸ்டிக் தட்டில் மெல்லிய தாள் போர்த்தி, எலுமிச்சை அளவுகூட இல்லாத முட்டைக்கோஸ்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. தமிழில் களைக்கோஸ் என்கிறது அகராதி. அகராதியைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எப்படிச் சமைப்பது என்று மகள் வீடியோ தேடத் தொடங்கினாள். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். காம்பின் அடியை மெல்லியதாகச் சீவ வேண்டும். பழுத்த மேலிலைகளை உரித்துவிட வேண்டும். அடியில் கத்தியால் சிலுவைக் குறி போட்டால் தண்டும் இலையும் ஒன்றாக வேகும். இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே காய்த் தட்டை உள்ளே வைக்க வேண்டும். தண்ணீர் காயைத் தொடக் கூடாது. கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால், ஆனால் காய் இன்னும் கிளிப்பச்சையாக இருந்தால், அதுதான் பதம். அதற்குமேல் விட்டால் பச்சை போய்விடும், கெட்ட வாசனை வரும். உப்பு, மிளகு, விரும்பினால் கொஞ்சம் வெண்ணெய். அவ்வளவுதான்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். அரசு அலுவலகத்தில் காலம் முழுக்க விதிமுறைகளோடு வாழ்ந்தவளுக்குச் சமையலறை விதிமுறையும் தெரிந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில், ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில், சிறுமியாக நான் மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய வருடத்தில் கற்றது அது.

அம்மாவின் தம்பி அப்போது எங்களோடு இருந்தார். மாமாவுக்குச் சமைக்கப் பிடிக்கும். கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் என்றால் அண்டாவுக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்பார். திருவிழா முடிந்த பிறகு மறுவருடம் வரை அவருக்கு வேலை இருக்காது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மாமாவையும் கூலியாகச் சேர்த்துவிடப் பார்த்தார். மாமா பிடிகொடுக்கவில்லை. அவருக்குக் கப்பலுக்குள்ளே போக வேண்டும், அதுவும் அடுப்படிக்கு.

அதற்கு ஒரு வழியும் பிறந்தது. அடுத்த தெருவில் ஒருவர் இருந்தார். வெளிநாட்டுக் கப்பலில் தலைமைச் சமையற்காரர். தெருவே அவரைப் பெரிய குக் என்றுதான் அழைத்தது. விடுமுறையில் வந்திருந்தார். திரும்பிப் போகும்போது கூடவே ஒரு கையாளைக் கூட்டிப்போகலாம் என்று கப்பல் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் மனுவோடு நின்றார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே சோதனைதான் வைத்தார். கப்பலின் குளிர் அறையிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கோஸில் ஒரு பையைக் கொடுத்து, ஞாயிறு சாப்பாட்டுக்கு வருவேன், வேகவைத்துத் தா என்பார். முன்னால் முயன்ற இருவரில் ஒருவர் அதைக் கருவாட்டுக் குழம்பில் போட்டுவிட்டார். குழம்பு பிரமாதம் என்று பெரிய குக்கே பாராட்டினாராம். வேலை மட்டும் கிடைக்கவில்லை.

மாமா பையோடு வந்து அம்மாவிடம் விதிகளை ஒப்பித்தார்.

"மஞ்சத்தூளு, மொளகாத்தூளு ஒண்ணியும் போடக் கூடாதுக்கா. ஆவிலயே வேவணும். பச்சப்பசேல்னு தட்டுக்கு வரணும். ஒடம்புக்கு நல்லதுன்னு வெள்ளக்கார ஆபீசருங்க டெய்லி துன்றாங்கோ."

அம்மா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "உப்பு புளி இல்லாம துன்னா அது இன்னாடா சாப்பாடு? காச்சக்காரனுக்குக் கஞ்சி குடுக்கற மாதிரி கீது."

"அதான் சோதனையே. சும்மா உட்றதுதான் கஷ்டமாம்."

எங்கள் வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அது அப்பாவின் கல்யாணப் பரிசு என்பதால் மாட்டி வைத்திருந்தோமே தவிர, மணி பார்க்க யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அம்மாவின் சமையலறைக்குக் கணக்கு ஜெபமாலைதான். பத்து அருள் நிறைந்த மந்திரம் சேர்ந்தது ஒரு பத்து. இட்லிக்கு மூன்று பத்து. முட்டைக்கு மூன்று பத்தோடு ஒரு விசுவாசப் பிரமாணம். புட்டுக்கு இரண்டே பத்து. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் ஜெபத்தைக் கேட்டுத் தங்கள் அடுப்பை அணைப்பதுண்டு. ஒரு முறைகூடப் பிசகியதில்லை. அம்மாவின் நிதானம் அப்படி. பூகம்பம் வந்தாலும் அதே வேகத்தில்தான் ஜெபமாலை மணி நகரும்.

சனிக்கிழமை மாலை மாமா கொஞ்சம் காய்களை எடுத்து ஒத்திகை பார்த்தார். அம்மா மணியை உருட்டினாள். புதுநன்மைக்காக எல்லா ஜெபங்களையும் மனப்பாடம் செய்திருந்த நான் ஒவ்வொரு மந்திரத்துக்கும் பதில் பாதியைச் சொன்னேன். இரண்டு பத்து முடிந்ததும் மாமா மூடியைத் திறந்தார். ஆவி விலகியபோது காய்கள் தட்டில் மரகதம் மாதிரி கிடந்தன. மாமா ஒன்றை ஊதி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தார்.

"நல்லாத்தான் கீது," என்றாள் அம்மா. 

அன்று சாப்பிடும்போது மாமா ஏற்கெனவே பாதிக் கடல் தாண்டிவிட்டிருந்தார். அப்பாவுக்கு டிரான்சிஸ்டர், எனக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை, அம்மாவுக்குப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்ப திரும்பி வருவ?"

"மொத தபா ஒரு வருசமாவும்னு சொல்றாங்கோ. அப்பறம் லீவு குடுப்பாங்கோ. இன்னாக்கா, நானு இன்னா ஓடியா போவப் போறேன்?"

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்த அறைச் சுவரில் அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, கோட்டுப் போட்டுக்கொண்டு படமாகத் தொங்கினார். கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போனவர். அம்மா சிறுமியாக இருந்தபோது போனார், மாமா கைக்குழந்தை. போனவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள், கடைக்குப் போனவரைச் சொல்வதுபோல. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்லறைத் திருநாளன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்கும்போது, அம்மா மட்டும் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். எங்களுக்குக் கல்லறை இல்லாததால் சிலுவையையே மொத்தமாக எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பள்ளியில் பெருமையடித்திருக்கிறேன்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பெரிய குக் வந்தார். வெள்ளைச் சட்டை, உள்ளங்கை அகல வாட்ச். முன்னறையில் அப்பாவோடு உட்கார்ந்து எந்தத் துறைமுகத்து கிரேன் உயரம் என்று பேசிக்கொண்டிருந்தார். மாமா தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக் காயை வைத்து மூடினார். அப்போதுதான் முன்னறையிலிருந்து பெரிய குக்கின் குரல் வந்தது.

"நைனா, வெண்ண வாங்கிகினியா? வெண்ண இல்லாம ஆபீசரு தொட மாட்டான்."

மாமா வெண்ணெயை மறந்திருந்தார். பால்காரர் வீடு தெருக்கோடியில். அடுப்பை அணைத்துவிட்டுப் போனால் காய் பாதியில் நின்று கெட்டுவிடும். அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, ரெண்டே பத்து. முடிஞ்சதும் எறக்கிடு. மறந்துடாத."

"எனுக்குச் சொல்லித் தர்றியா? போ, போ."

அம்மா அடுப்புக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தாள். ஜெபமாலையை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பத்து முடிந்தது. இரண்டாம் பத்தும் முடிந்தது. அம்மாவின் கை பானைப் பக்கம் போகவில்லை. விரல்கள் கடைசி மணியில் ஒரு கணம் நின்றன. பிறகு மணியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தேவமாதா பிரார்த்தனையைத் தொடங்கினாள்.

அது நீளமான பிரார்த்தனை. மாதாவை ஒவ்வொரு பட்டமாகச் சொல்லி அழைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் அதைப் பிழையில்லாமல் சொல்பவள் நான் ஒருத்திதான். மாமாவின் வேலைக்காக அம்மா கூடுதலாக வேண்டுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். முன்னறைக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் பதில் சொன்னேன். பானை மூடி தடதடவென்று ஆடியது. கெட்டுப்போன முட்டையும் ஈரத்துணியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை மெல்ல எழுந்தது. அம்மா ஒரு பட்டத்தைக்கூட விடவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை.

மாமா வாழையிலைத் துண்டில் வெண்ணெயோடு உள்ளே வந்தபோது நாங்கள் இன்னும் முடிக்கவில்லை. அவர் வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். பானையைத் திறந்தார். காய்கள் போலீஸ்காரர் நிஜார் நிறத்தில் குழைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மாமா அவற்றைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் திறக்காமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் பெரிய குக் வாசனை பிடித்தே சமையலறைக்கு வந்துவிட்டார். ஒன்றைக் கரண்டியால் தொட்டார். அது நசுங்கியது.

"இன்னா நைனா இது, காக்கி கலரா கீது. இத்தக் கொண்டுபோய் வெச்சா தட்டு நம்ம மூஞ்சிக்கே திரும்பி வரும்."

"நான்தான் அண்ணாத்தே. மொதல்லயே ரொம்ப நேரம் உட்டுட்டேன். வெண்ண வாங்கப் போற அவசரத்துல கவனிக்கல," என்றார் மாமா.

இது தவறு. அடுப்படியில் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்த சாட்சி நான். மாமா தன்மேல் இல்லாத தப்பை இழுத்துப் போட்டுக்கொள்கிறாரே என்று, "இல்ல, அம்மாதான் பிரார்த்தனையும்..." என்று தொடங்கினேன். மாமா ஒரு கோஸை எடுத்து என் வாயில் திணித்தார். நாக்கு சுட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்கு முன்னால் எனக்கு முதலில் ஊட்டுகிறார், மாமாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டு மென்றேன்.

பெரிய குக் நல்லவர். மாமாவின் தோளைத் தட்டி, "அடுத்த தபா பாக்கலாம்" என்றார். அம்மா வைத்திருந்த வஞ்சிர மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவரோடு வேறொரு பையன் கப்பலேறினான். அடுத்த தபா வருவதற்குள் மாமாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இடம் கிடைத்துவிட்டது. ஓய்வு பெறும் வரை அங்கே ஷிப்டு ஷிப்டாகச் சாம்பார் வைத்தார். சைக்கிளில் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போய் வருவார். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் காத்து நிற்கும் கப்பல்கள் அந்தச் சாலையிலிருந்து தெரியும். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். அந்தக் கோஸைப் பற்றி அவரும் பேசியதில்லை, அம்மாவும் பேசியதில்லை. மனு கொடுத்தவரே அதன்மேல் உத்தரவும் போட்டு முடித்த கோப்பை நான் அலுவலகத்தில் பார்த்ததே இல்லை. அம்மா அன்று மணையில் உட்கார்ந்தபடியே மாதாவிடம் மனு கொடுத்து, தானே அப்படி ஒன்றை முடித்து வைத்தாள்.

இந்தக் கணக்கெல்லாம் பின்னால் போட்டது. அன்று பிற்பகல் எனக்குத் தெரிந்தது வேறு. எல்லோரும் எழுந்து போன பிறகு, மாமா வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது துடைக்க வேண்டிய நிலையில் இல்லை. அம்மா தனியாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கோஸ் முழுவதையும் தட்டில் போட்டுக்கொண்டாள். உப்பும் இல்லை, வெண்ணெயும் தொடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மென்று, கடைசிக் காய் வரை தின்றாள். கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது. ஆவி பட்டிருக்கும்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்த காய் எது என்று பள்ளியில் டீச்சர் கேட்டபோது, வகுப்பில் எல்லோரும் கத்தரிக்காய், முருங்கைக்காய் என்றார்கள். நான் மட்டும் எழுந்து நின்று, கப்பலில் வரும் குட்டிக் கோஸ் என்று சொன்னேன். பல ஆண்டுகள் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.