மதகுப் பக்கம் போட்ட வலை

ஏரி மீனின் ருசியைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஒரு விருந்து வீட்டில் பக்கத்து இலைக்காரர் விரால் குழம்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசப் பேச, நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டேன். என் மனைவிக்கு அது பெரிய தலைகுனிவு. வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். அவளிடம்கூட இதை நான் முழுசாகச் சொன்னதில்லை.

நாங்கள் பழவேற்காட்டுப் பக்கம், உப்புத் தண்ணீர்க்காரர்கள். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேர்தான் வீட்டில். அந்த வருஷம் காயல் கடலில் சேருகிற முகத்துவாரத்தை மணல் சீக்கிரமே மூடிவிட்டது. அது வருஷா வருஷம் மூடுவதுதான், யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் அந்த முறை கோடை முழுக்க மூடிக் கிடந்து, ஆடி பிறந்தும் திறக்கிற வழியாக இல்லை. காயல் தண்ணீர் சுண்டிப்போய் உப்பு கரித்தது. மடவையும் இல்லை, இறாலும் இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்கு அதிலேயே தண்ணீர் ஊற்றி இன்னொரு கூழ்.

எங்களிடம் இருந்த ஒரே சொத்து ஒரு நைலான் வலை. ஊரில் எல்லாரும் பருத்தி நூல் வலையை வைத்துக்கொண்டு, நாலு நாளைக்கு ஒருமுறை கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த காலம். அண்ணி தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அதில் நூல் வாங்கி மூன்று பேரும் மாதக்கணக்கில் பின்னினோம். மூன்று பேரும் என்று சொல்வது மரியாதைக்குத்தான். முக்கால்வாசி அண்ணியே பின்னியது. அடுப்பில் கூழ் கொதிக்கும்போதும் மூங்கில் ஊசி அவள் கையில் ஓடிக்கொண்டிருக்கும். பின்னி முடித்த அன்று அண்ணன் வலையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, முழு பலத்தோடு இழுக்கச் சொன்னான். இழுத்தேன். அது அறுபடவே இல்லை. அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன்.

அந்த வலை வெறும் மீனுக்கானது அல்ல. மழை விழுந்து முகத்துவாரம் திறந்ததும், காயலில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கும். சொந்த வலை இருக்கிறவன் பேர்தான் சீட்டில் ஏறும். மற்றவர்கள் அடுத்தவன் வலையை இழுத்துக் கொடுத்துவிட்டு, அவன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்பாவின் வலை மக்கிப்போன நாளிலிருந்து அண்ணன் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தான். வரப்போகிற மழைக்குப் பிறகு அவன் பேர் சீட்டில் ஏறும். அதற்காகவே அவன் உயிரோடு இருந்தான் என்று எழுதினால் மிகையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பொன்னேரிச் சந்தையில் ஒருவர் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தார். பெரியபாளையம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது, மீனை எடுக்க வேண்டும், வழக்கமாக வருகிற ஆள் வரவில்லை, நல்ல வலை இருந்தால் வாருங்கள், பாதிக்குப் பாதி என்றார். அண்ணனுக்கு ஏரி மீன் பிடிப்பது கௌரவக் குறைவு. எங்கள் ஊரில் அதை மீன் என்றே சொல்ல மாட்டார்கள், சேறு நாறும் என்பார்கள். ஆனால் கூழுக்கு முன்னால் கௌரவம் எத்தனை நாளைக்கு நிற்கும்.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். அண்ணி வலையை மடித்துச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். "பத்தரமா வந்து சேரணும்" என்றாள். எங்களைச் சொன்னாளா, வலையைச் சொன்னாளா என்று கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் ஆடி மாதக் கூட்டம். வேப்பிலையும் சேவலுமாகப் பவானியம்மனுக்குப் போகிற ஜனம். கண்டக்டர் சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே போடச் சொன்னார். அண்ணன் வலையோடு தானும் பஸ் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஏரி பெரியதுதான். ஆனால் பாதி காய்ந்து, வெடித்த தரையில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் காப்பி நிறத்தில் தண்ணீர். அலை இல்லை, ஓட்டம் இல்லை, உப்பு வாடை இல்லை. செத்துப்போன தண்ணீர் மாதிரி இருந்தது எனக்கு. குத்தகைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நின்றிருந்தார். கிழக்குப் பக்கத்தைக் காட்டி, "இந்தாண்ட போட்டு இழுங்க நைனா. மதகாண்ட மட்டும் போவாதீங்க" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டு வருகிறேன் என்று ஊருக்குள் போய்விட்டார்.

மத்தியானம்வரை அவர் சொன்ன பக்கத்திலேயே போட்டோம். உள்ளங்கை அகலக் கெண்டை, நாலைந்து கெளுத்தி. கெளுத்தி முள் குத்தி என் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். பாதிக்குப் பாதி என்றால் எங்கள் பங்கு பஸ்ஸுக்கே சரியாகப் போய்விடும். அண்ணன் அடிக்கடி மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே தண்ணீர் ஆழம். அவ்வப்போது ஏதோ பெரிதாகப் புரண்டு வட்டம் போட்டது.

"அங்க பார்டா" என்றான். "போவாதேன்னா இன்னா அர்த்தம்? அங்கதான் எல்லாம் இருக்குது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காயலில் ஒருவன் உங்களை ஓர் இடத்துக்குப் போகாதே என்றால் அவன் அங்கே மீனைப் பார்த்துவிட்டான் என்றுதான் பொருள். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீரில் வேறு எதற்காகவும் ஒருவன் ஒருவனை எச்சரிப்பான் என்பது எங்களுக்குத் தெரியாது. வலையைச் சுருட்டிக்கொண்டு மதகுப் பக்கம் போனோம். ஒரு முனையை நான் கரையோரம் பிடித்துக்கொள்ள, அண்ணன் மறுமுனையோடு நீந்தி அரைவட்டம் போட்டு வந்தான். இழுக்க ஆரம்பித்தோம். முதலில் கனமாக வந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது. பிறகு வரவே இல்லை.

உள்ளே முள் போட்டிருந்தார்கள். வேலிகாத்தான் மரத்தைக் கிளை கிளையாக வெட்டி, கல்லைக் கட்டி, மதகுக் குழி முழுக்க இறக்கியிருந்தார்கள். ஏரி குத்தகை எடுக்கிற எல்லாரும் செய்கிற வேலை அது. திருட்டு வலை போடுகிறவனை அது மடக்கிவிடும். அந்தப் பக்கத்து ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட அது தெரியும். எங்களுக்குத் தெரியாது. தண்ணீருக்குள் மனுஷன் முள்ளைக் கொண்டுபோய் வைப்பான் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்.

பருத்தி வலையாக இருந்தால் நாலு இடத்தில் கிழிந்து கையோடு வந்திருக்கும். இது நைலான். இழுக்க இழுக்க முள்ளில் இறுகியது. "இழுக்காதே" என்று சொல்லிவிட்டு அண்ணன் முங்கினான். ஒவ்வொரு முள்ளாக விடுவித்துவிட்டு மூச்சுக்கு மேலே வந்தான். கையெல்லாம் ரத்தம். மறுபடி முங்கினான். "கொஞ்சம் அறுத்துட்டு மீதிய எட்த்துக்கலாம் ண்ணா" என்றேன். என்னை அவன் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். இப்படியே வெகுநேரம் போயிற்று. பாதி வலை விடுபட்டு அவனைச் சுற்றித் தொளதொளவென்று மிதந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் மறுபடியும் முங்கிவிட்டான்.

இந்த முறை வரவில்லை. மிதப்புக் கட்டைகள் மட்டும் வெடுக் வெடுக்கென்று கீழே இழுபட்டன. முதலில் பெரிய மீன் மாட்டியிருக்கிறது என்றே நினைத்தேன்.

நான் குதித்தேன். கீழே ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் வெறும் பழுப்பு. கையால் தடவித்தான் கண்டேன். விடுபட்ட வலை அவன் காலைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, அரைஞாணில் சிக்கி, மறுபடி முள்ளோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. நான் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தேன். கத்தி வலையில் பட்டதும் அவன் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மூழ்குகிறவன் பிடிக்கிற பிடி எனக்குத் தெரியும். அது நம்மைத் தன் பக்கம் இழுக்கும். இது அப்படி இல்லை. கத்தியை வலையிலிருந்து தள்ளியது. மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் குனிந்து அந்தக் கையைக் கடித்தேன். விட்டான். அதன் பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் அறுத்தேன்.

கரையில் இழுத்துப் போட்டுக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் குத்தினேன். தண்ணீராகக் கக்கினான். அவனுக்கு மூச்சு திரும்பியபோது நான் சின்னப் பையன் மாதிரி அழுதுகொண்டிருந்தேன். அவன் முதலில் கேட்டது, "எங்க அறுத்த?"

நான் கையில் வந்ததை அவன் பக்கம் தள்ளினேன்.

"தலைக்கயிறுமா போச்சு?"

போய்விட்டது. மிதப்புக் கட்டைகளைக் கட்டி வலையையே தாங்குகிற மேல் கயிறு அது. வலைக் கண்கள் மட்டும் கிழிந்தால் பின்னிக்கொள்ளலாம். நான் குறுக்கே நெடுக்கே அறுத்ததில், பாதி வலை முள்ளோடு கீழேயே நின்றுவிட்டது. கையில் வந்தது கந்தல். அதை மடியில் வைத்துக்கொண்டு அவன் தடவிக்கொண்டே இருந்தான். அவன் கையில் என் பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை.

குத்தகைக்காரர் திரும்பி வந்தார். எனக்கு அவர் குடையைப் பிடுங்கி அவரையே அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் நிஜமாகவே பதறிப்போனார். "மதகாண்ட போவாதீங்கன்னு சொன்னேனே நைனா. முள்ளு கெடக்கும்னு தெரியாதா? முள்ளு போடாத ஏரி எங்கனா இருக்குதா?" என்றார். தன் பங்கையும் சேர்த்துப் பிடித்த மீன் எல்லாவற்றையும் எங்களுக்கே கொடுத்துவிட்டார். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத கஷ்டம் அது.

திரும்பி வரும்போது அண்ணன் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு இடம் பார்த்து உட்கார்ந்தான். அந்த விலகல் அன்றோடு போகவில்லை. மழை வந்து, முகத்துவாரம் திறந்து, ஊர் சீட்டுக் குலுக்கிய நாளில் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மறுபடியும் அடுத்தவன் வலையை இழுத்தான். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்தபோது லாரியில் இரும்பு ஏற்றி இறக்கப் போனான். நெடுங்காலம் இருந்தான். என் கல்யாணத்துக்கு வந்தான், என் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் அவன் உயிரைக் காப்பாற்றினேன் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவான். எனக்கு அது ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தைப் பற்றி.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். சாக்கு லேசாக இருந்ததை அவள் தூக்கும்போதே கண்டுகொண்டாள். கந்தலை வெளியே எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் விரித்தாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் முங்கியதை, வராததை, நான் அறுத்ததை. அவன் கத்தியைத் தள்ளியதையும் நான் கடித்ததையும் மட்டும் சொல்லவில்லை. அவள் அறுபட்ட ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஓரம் எங்கும் முடியவில்லை. அவள் கண் வலையை விட்டு எழவும் இல்லை.

"வேற வழியே இல்லியா தம்பி?" என்றாள்.

அவள் கொடுமைக்காரி இல்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தூங்காமல் உட்கார்ந்திருப்பவள். பல மாதம் பின்னிய விரல் அப்படிக் கேட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஏரியிலிருந்து வந்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். சண்டை போடுகிற குரல் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான்.

"இருந்துது. கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தா நான் போய்ச் சேந்திருப்பேன். அப்பால வலைய நிதானமா எட்த்துகினு வந்திருக்கலாம்."

அண்ணி வலையிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து அவனிடம் போக இரண்டு அடி வைத்தாள், பிறகு நடுவீட்டிலேயே நின்றுவிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.