ஸ்தோத்திரச் சீட்டில் நான் எழுதிய வரி

என் தங்கை ஷீலா, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். நான் அவளுக்கு எட்டு வயது மூத்தவன். பத்தாவதோடு நின்றவன் என்றாலும், வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையதுதான். அவளும் மாப்பிள்ளை சுந்தரராஜும் பிள்ளையைத் தத்தெடுக்கப் பதிந்தபோது, எல்லாத் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கினேன். மூன்றரை வருடம் காத்திருந்தார்கள். பதினொரு மாதக் குழந்தையாக ஜெஸ்லின் வந்தாள்.

தத்தெடுப்பு மையத்திலிருந்து வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வந்த அம்மா, "அவ இதை அடுத்தவங்க வாயால கேக்கக் கூடாது. சின்னதுலயே நீங்க சொல்லிருங்க" என்றார்.

"ஒண்ணாங்கிளாஸ் போகட்டும்" என்று ஷீலா தள்ளிக்கொண்டே வந்தாள்.

எங்கள் சபையில், நன்றி சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஆராதனையில் குருவானவர் வாசிப்பார். பிள்ளை வந்து ஐந்து வருடம் நிறைந்தபோது ஷீலா என்னை எழுதச் சொன்னாள். "ஜெஸ்லினுக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதியிருந்தால் போதும். எனக்கு அரைகுறையாக எழுதிப் பழக்கமில்லை. "ஷீலா சுந்தரராஜ் தம்பதியர் தத்தெடுத்த மகள் ஜெஸ்லின் வீடு வந்து ஐந்து ஆண்டுகள் நிறைவு" என்று தேதியோடு எழுதினேன். மைக்கில் அப்படியே வாசித்தார்.

ஜெஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். ஷீலா பாட்டுப் புத்தகத்தை விரித்தபடி இருந்தாள். குருவானவர் அடுத்த சீட்டை வாசித்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே, புதிதாக மாற்றலாகி வந்திருந்த தங்கத்தாய் டீச்சர் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார். "ஏட்டி ஷீலா, உன் மூக்கு அப்படியே இருக்கேன்னுல்லா நெனச்சேன்!"

"தத்தெடுத்தன்னா என்னதும்மா?" என்றாள் ஜெஸ்லின்.

ஷீலா என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, அதையும் எழுதணுமா?"

"விவரமா இருக்கட்டும்னுதான்" என்றேன்.

அவள் கோயில் படியில் உட்கார்ந்து பிள்ளையை இழுத்து நிறுத்தினாள். "நீ என் வயித்துல பொறக்கல மக்கா. வேற அம்மா வயித்துல பொறந்து எங்ககிட்ட வந்த. உனக்காக மூணரை வருசம் காத்துக் கெடந்தோம்."

"மாமாவுமா?"

"மாமாதான் எல்லாப் பேப்பரும் எழுதினாங்க."

"வெயிலடிக்கும்மா, போவோம்" என்றாள் ஜெஸ்லின். போனோம்.

இப்போது இரண்டாம் சனிக்கிழமைகளில் மதியம் கடையை அடைத்துவிட்டு, தத்தெடுத்தவர்களையும் காத்திருப்பவர்களையும் உள்ளே உட்கார வைத்துப் பேசுகிறாள். குருவிகுளத்திலிருந்தும் வருகிறார்கள். பதினான்கு குடும்பங்கள். என் தங்கைதான் வழி சொல்கிறாள்.

"தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே பிள்ளைகிட்ட சொல்லிருங்க" என்று தொடங்கி அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வாள். "எங்க சபையில ஒருத்தங்க சீட்டுல எழுதிட்டாங்க" என்பாள். யார் என்று இதுவரை சொன்னதில்லை.

பக்கத்து மேஜையில் நான் வந்தவர்களுடைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பேன்.