புது வண்டிக்குப் போட்ட பழைய நகை

புது மோட்டார் சைக்கிளை அலங்கரிக்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வண்டி வாங்கி வருபவனிடம் வண்டி மட்டும்தான் மிச்சமிருக்கும்.

ஆறேழு வருஷம் பதிந்துவைத்துக் காத்திருந்து, கையிலிருந்ததையெல்லாம் கொட்டிக் கொடுத்து எடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே பாலக்கரையில் என் கடைக்கு வருவான். சீட்டு மாற்ற வேண்டும், பக்கத்தில் பெட்டி வேண்டும், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரன் வேண்டும். இவற்றுக்கெல்லாம் கடையில் நாங்கள் வைத்த பெயர் நகை. நகை வேண்டும், ஆனால் செலவு வைக்கக் கூடாது. 'பார்த்துச் செய்யுங்க' என்ற இரண்டு வார்த்தைப் பொடியைத் தூவிவிட்டுப் போவான். தையல் மிஷினோடோ உளியோடோ மல்லுக்கட்டிப் பிழைக்கிற என் தொழில் தோழர்களே, அந்த வார்த்தைக்குப் பாதிக் கூலி என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா?

மச்சான் வாழ்த்தியது

எனக்குப் பெண் தேடியபோது, 'வண்டிக்கு சீட்டு தைக்கிறவனா' என்று மூன்று வீட்டார் கையைக் கழுவிவிட்டார்கள். நான்காவதாக அமைந்தவள் தனம். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், பொன்மலையில் ரயில்வே வேலை பார்ப்பவர். தங்கையைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்தான், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படி ஒரு ஜோசியம் சொன்னார். தனத்துக்கு முகம் சிவந்துவிட்டது. இனிமேல் சொந்த மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால்தான் உன் வீட்டு வாசலை மிதிப்பேன் என்று அங்கேயே சபதம் போட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டிலிருந்து பொன்மலை மூன்று மைல். ஏழு வருஷம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அண்ணன் கொடுத்தனுப்பும் புடவையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுவாள். எனக்குப் பாவமாகவும் இருக்கும், கோபமாகவும் வரும். கல்யாணம் முடிந்த வாரமே நானும் ஒரு வண்டிக்குப் பதிந்துவைத்தேன். மச்சான் சொன்ன ஜோசியம் இதுதான்: "மாப்ள காலம் பூரா அடுத்தவன் வண்டிக்குத்தான் உறை தைப்பாரு."

எந்த மிருகம்?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ரங்கராஜன் என்று ஒருவர் வந்தார். சர்க்கார் ஆபீஸில் வேலை. புது வண்டியில் தோல் சீட்டு. வீட்டுக்குள் தோலைக் கொண்டுவரக் கூடாது என்று அவருடைய அம்மா வண்டியை வீதியிலேயே நிறுத்திவிட்டார். நான் தோலைப் பிரித்துவிட்டு ரெக்ஸின் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். ரெக்ஸின் என்பது எந்த மிருகம் என்று அம்மா விசாரிக்கிறாராம். அது மிருகமே இல்லை, துணிக்கு மேல் பூச்சு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா நம்பவில்லை. குளித்துவிட்டுப் பூஜைக்கு மட்டும் கட்டுகிற தன்னுடைய பழைய மடிப் பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பி, அதில் தைக்கச் சொல்லிவிட்டார்.

அரக்குப் பட்டு, ஓரத்தில் ஜரிகைக் கரை. தொழிலில் இறங்கியதிலிருந்து அப்படியொரு சீட்டு நான் தைத்ததில்லை. வண்டி வாசல் தாண்டி ரேழிவரை ஏறிவிட்டது என்று ரங்கராஜன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். நாலாவது நாள், தலை ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். அதைக் கழற்றிவிட்டு ரெக்ஸினையே போடச் சொன்னார். உட்கார்ந்து ஓட்டிய பட்டை வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது என்று என்னிடமே விட்டுவிட்டார். இப்போது என்ன குறை என்று கேட்டேன். "வண்டி மடியாயிடுத்து. ஆபீஸ் போறச்சே ஒரு தரம், வர்றச்சே ஒரு தரம் தீர்த்தமாடிட்டுத்தான் அதைத் தொடணும்கறா."

மாடு விலகும் ஹாரன்

பெரியசாமி, பச்சைமலை அடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு வாங்கி விற்பவர். வண்டியோடு வந்த ஹாரன் எலிக்குஞ்சு மாதிரி கத்துகிறது, மாடு காதைக்கூட ஆட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். புதிதாக நல்ல ஹாரன் வாங்கலாம் என்றேன். உடனே 'பார்த்துச் செய்யுங்க' என்றார். பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த பஸ்ஸின் ஹாரன் கிடந்தது. பித்தளைக் குழல், நுனியில் தேங்காய் பருமனுக்கு ரப்பர் உருண்டை. அமுக்கினால் பாலக்கரை முழுக்கக் கேட்டது. பெரியசாமிக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பக்கம் நாளுக்கு ஒன்றோ இரண்டோ பஸ்தான் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பத்து நாளில் ஹாரனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாடு விலகவில்லையா என்று கேட்டேன். "மாடெல்லாம் வெலகுதுங்க. மனுசங்க மூட்டைய தூக்கிட்டு ஓடியாறாங்க. நேத்து ஒரு அம்மா ரெண்டு கோழியோட பின்னாடி ஏறி உக்காந்துக்கிட்டு, உப்பிலியபுரத்துக்கு ஒரு டிக்கெட்டுங்குது."

முகூர்த்தப் பெட்டி

உறையூர் செல்லமுத்து கைத்தறிப் புடவை வியாபாரி. வண்டியின் இரண்டு பக்கமும் பெட்டி கேட்டார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மடக்கி, பச்சை பெயின்ட் அடித்து மாட்டினேன். அதற்கு முன் புளி போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் காய வைத்தேன் என்பதைச் சத்தியம் செய்து சொல்கிறேன். முதல் தடவையே ஒரு முகூர்த்தப் புடவையை அதில் வைத்துக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டில் கொடுத்திருக்கிறார். சித்திரை வெயிலில் தகரம் காய்ந்ததும் உள்ளே பதுங்கியிருந்த வாசனை வெளியே வந்துவிட்டது. அன்றைக்கே பெட்டிகளைக் கழற்றி என் கடை வாசலில் போட்டுவிட்டு, செல்லமுத்து கண்ணாலேயே என்னைச் சுட்டார். "பொண்ணு மணையில வந்து உக்காந்ததும் ஐயரு எழுந்து நின்னுட்டாருங்க. அந்தப் புடவைய மாத்துனாத்தான் ஓமம் வளப்பாராம்."

என் முறை

ஏழாவது வருஷம் எனக்கே வண்டி வந்தது. பளபளவென்று கறுப்பு நிறம், டப் டப்பென்று நிதானமாக ஓடும் பெரிய வண்டி. எல்லோரையும் போல என்னிடமும் வண்டி மட்டும்தான் மிச்சமிருந்தது. அந்த வாரமே மச்சான் வீட்டில் குழந்தைக்குக் காது குத்து. மொட்டை வண்டியில் போய் இறங்கினால் மச்சான் வாய்க்கு அவல் போட்ட மாதிரி ஆகிவிடும். கடையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் பட்டு சீட்டு, ஆணியில் பஸ் ஹாரன், பரண்மேல் பச்சைப் பெட்டிகள். எல்லாவற்றையும் மாட்டினேன். தனம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். மூக்கை மட்டும் கொஞ்சம் சுளித்தாள். பிறகு பட்டின்மேல் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

மச்சான் வீட்டுத் தெருவில் திரும்பியதும் ஹாரனை அமுக்கினேன். இந்தத் தெருவுக்குள் பஸ் எப்படி வந்தது என்று காது குத்துக்கு வந்த கூட்டம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மச்சானும் வந்தார். தங்கையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது, நான் பார்த்தேன். ஆனால் வாயில் பூட்டில்லாத மனுஷனாயிற்றே. ஜரிகைக் கரையைத் தடவினார், ரப்பர் உருண்டையை அமுக்கினார், பெட்டியை மோந்து பார்த்தார். இதில் ஒன்றாவது புதிதாக வாங்கியதா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். தனம் நிதானமாக இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். "எல்லாம் மத்தவங்க வேணாம்னு கழிச்சதுதாண்ணே. இவரையும் மூணு வீட்டுல கழிச்சாங்க, எனக்குப் பொருந்தலையா? நகருங்க, உள்ள போவணும்."

ஊர் வண்டிகளுக்கெல்லாம் நகை பூட்டிய எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அதுதான்: கழித்த சாமான், ஆனால் ஓடும்.